12 வார வகுப்பை 6 வாரமாகச் சுருக்கலாமா? விடுதலையானவர்களோடு வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்

சேலத்து_நிலா

வணக்கம் எல்லாருக்கும். சேலத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அறக்கட்டளையின் பெயரைக் கேட்காதீர்கள், மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. தண்டனை முடிந்து வந்தவர்களுக்கும், 1958 நன்னடத்தைச் சட்டத்தில் உள்ளே அனுப்பாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்களுக்கும் ஒரு குழு வகுப்பு நடத்துகிறோம். யோசிக்கிற விதத்தை மாற்றுவது, கோபம் வந்தால் என்ன செய்வது, பழைய கூட்டாளி கூப்பிட்டால் எப்படித் தட்டிக்கழிப்பது, இப்படிப் போகும். வெளிநாட்டில் ஆய்வு செய்து நிரூபித்த திட்டம் என்று ஒரு கையேட்டை வாங்கித் தமிழில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வாரம் 2 நாள், ஒன்றரை மணி நேரம், 12 வாரம்.

பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். தவறாமல் வருகிறவர்கள் 7 பேர். அந்த 7 பேரும் தங்கமானவர்கள். ஒருவர் சங்கக் கணக்கில் மாட்டி உள்ளே போய்வந்த 61 வயதுப் பெரியவர், நோட்டுப் போட்டு எழுதுகிறார். அண்ணன் தம்பி இரண்டு பேர், வரப்புத் தகராறில் பங்காளியின் மண்டையை உடைத்தவர்கள், போன தையில் அதே பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறார்கள். மீதி 15 பேர்தான் பிரச்சினை. செயின் பறிப்பு, வழிப்பறி, கஞ்சா என்று பெரும்பாலும் 19லிருந்து 26 வயதுப் பையன்கள். முதல் வாரம் வந்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். சிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. கையேட்டில் ஒரு காட்சி: "நீங்கள் மதுக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும்போது அறிமுகமில்லாத ஒருவர் உங்கள் தோளில் மோதுகிறார்." ஒரு பையன் கேட்டான், "அக்கா, டாஸ்மாக்கில் இடிபடாமல் எவன் நிற்க முடியும்?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது நிதி கொடுக்கிறவர்கள் மார்ச்சுக்குள் 40 பேர் முடித்ததாகக் கணக்குக் காட்டச் சொல்கிறார்கள். எங்கள் இயக்குநர் சொல்லும் வழி, 6 வாரமாகச் சுருக்கு, பேட்சுக்கு 20 பேர், இரண்டு பேட்ச் ஓட்டு, முடிந்தது. கூடவே அந்த 7 பேரையும் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப் போய், சிறை எப்படி இருக்கும் என்று பையன்களிடம் பேசவைத்துப் பயமுறுத்தினால் பத்திரிகையிலும் வரும் என்கிறார்.

சுருக்கலாமா? யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஏதாவது மதிப்பீட்டுப் படிவம் வைத்துக்கொள்ளலாமா? அந்த 15 பேரை எப்படி வரவழைப்பது? திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள்.

---

பழைய_வார்டர்

அம்மணி, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 7 பேருக்கு உங்கள் வகுப்பு தேவையே இல்லை. அந்தப் பெரியவர் இனிமேல் எந்தச் சங்கத்துக் கணக்கைத் தொடப் போகிறார்? நீங்கள் வகுப்பே எடுக்காவிட்டாலும் அவர் மறுபடி உள்ளே வரமாட்டார்.

சிறைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான், எந்தெந்த ஊரில் இருந்தேன் என்று எழுதப் போவதில்லை. உள்ளேயும் இதே கதைதான். வெளியிலிருந்து யாராவது வகுப்பு எடுக்க வருகிறார்கள் என்றால் யாரைக் கொண்டுபோய் உட்கார வைப்போம்? சொன்ன பேச்சு கேட்கிறவனை, எழுதப் படிக்கத் தெரிந்தவனை, ஆபீசில் ரைட்டர் வேலை பார்க்கிற கன்விக்ட்டை. வம்பு பிடித்தவனை பிளாக்கை விட்டே வெளியே விடமாட்டோம். வந்தவர்களும் சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, எவ்வளவு அருமையாகக் கவனிக்கிறார்கள் என்று எங்களைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நானே அப்படிப் பொறுக்கி உட்கார வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சண்டை சச்சரவு இல்லாமல் டியூட்டி முடிய வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

இன்னொன்று. உள்ளே இருப்பவர்களில் தண்டனைக் கைதிகள் கொஞ்சம்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டில் உள்ள சிறைவாசிகள் 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், நூற்றுக்கு 76 பேர் கிட்டே. இன்றைக்கு இருப்பான், நாளைக்கு ஜாமீனில் போய்விடுவான், 12 வார வகுப்பு அவனுக்கு எப்படி நடத்துவீர்கள்? குண்டாஸில் வந்தவன் மாதக்கணக்கில் இருப்பான், ஆனால் அவன் தண்டனை பெற்றவன் இல்லை, கோபத்தோடு உட்கார்ந்திருப்பான், எப்போது அட்வைசரி போர்டு, எப்போது ஐகோர்ட்டு என்று அது மட்டும்தான் அவன் மண்டையில் ஓடும். ஆகவே வெளியே வைத்து நடத்துகிற உங்களைப் போன்றவர்களுடைய வேலைதான் உருப்படியான வேலை. ஆளை மட்டும் மாற்றுங்கள்.

---

ஆய்வுப்பூச்சி

வார்டர் ஐயா அனுபவத்தில் சொன்னதை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். நான் இந்தத் துறையில்தான் முனைவர் பட்டத்துக்கு முட்டிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002-ல் லோவன்காம்ப், லடேசா என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் விடுதலைக்கும் சிறைக்கும் நடுவில் வைத்திருக்கும் விடுதிகளை எடுத்து, அங்கே போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு அந்தத் திட்டங்கள் பல இடங்களில் நல்லது செய்திருந்தன. வாய்ப்புக் குறைவானவர்களைக் கொண்டுபோய் அதே இடத்தில் போட்டபோது பெரும்பாலான இடங்களில் அவர்கள் இன்னும் மோசமாகிப் போனார்கள். ஏன் என்று யோசித்தால் புரியும். சாதாரணமாக வாழ்கிற மனுஷனை அவன் வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிய்த்து எடுத்து, பத்துப் பன்னிரண்டு கைதேர்ந்த ஆட்களோடு ஒரே அறையில் உட்கார வைத்தால் அவன் யாரிடம் எதைக் கற்றுக்கொள்வான்? உங்கள் வரப்புத் தகராறு அண்ணன் தம்பிகள் செயின் பையன்களோடு டீக்கடையில் நண்பர்களாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேலிக்குச் சொல்லவில்லை.

இதற்கு அடிப்படை கனடாவில் ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோக் மூன்று பேரும் 1990-ல் எழுதிய மூன்று விதி. யாருக்கு மறுபடி குற்றம் செய்கிற ஆபத்து அதிகமோ அவனுக்கு அதிகம் செய். குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவைகளைத் தொடு, அதாவது கூட்டாளி, குடி, வேலை, குடும்பம், பொழுதுபோக்கு, குற்றத்தை நியாயப்படுத்துகிற மனசு. அந்த ஆளுக்கு எட்டுகிற மாதிரி சொல். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனிடம் எண்ண நாட்குறிப்பு எழுதச் சொன்னால் அவன் வரமாட்டான், அதற்கு அவன் திமிர் காரணம் இல்லை, வெட்கம். உங்கள் 15 பேரில் எத்தனை பேருக்குச் சரளமாக எழுத வரும் என்று முதலில் பாருங்கள்.

கையேட்டைப் பற்றி. 2005-ல் லாண்டன்பெர்கரும் லிப்சியும் இந்த மாதிரி சிந்தனைப் பயிற்சித் திட்டங்களைப் பற்றிய 58 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் திரும்பக் குற்றத்தில் இறங்கினால், பயிற்சி பெற்றவர்களில் அது 30 பேர் என்கிற அளவுக்குக் குறைந்தது. எந்தக் கையேடு, எந்த பிராண்ட் என்பதில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆபத்து அதிகமானவர்களைச் சேர்த்தார்களா, ஒழுங்காக நடத்தினார்களா, கோபத்தை அடக்கும் பயிற்சி மாதிரி சில பகுதிகள் இருந்தனவா, இவைதான் கணக்கில் நின்றன. ஆகவே அந்த மதுக்கூடக் காட்சியைத் தயங்காமல் கிழித்துப் போடலாம். காட்சியின் வேலை என்ன என்று பார்த்து அந்த வேலையைச் செய்கிற நம் ஊர்க் காட்சியை வையுங்கள். ஆனால் ஒத்திகை பார்க்கிற பகுதியை மட்டும் வெட்டாதீர்கள், எழுந்து நின்று நடித்துக் காட்டுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பொதுவாக முதலில் வெட்டுப்படுவதும் அதுதான், நடத்துகிறவருக்குக் கூச்சம்.

சுருக்கலாமா? சுருக்கக் கூடாது. நியூயார்க்கில் கிரீன்லைட் என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். நன்றாகப் பெயர் வாங்கிய ஒரு கனடா பயிற்சியை எடுத்து, 8 வாரத்துக்குள் அமுக்கி, குழுவைப் பெரிதாக்கி, எல்லாருக்கும் ஒரே மருந்தாகக் கொடுத்தார்கள். விடுதலையாகி ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதில் உட்கார்ந்தவர்கள் உட்காராதவர்களைவிட மோசம். உங்கள் இயக்குநர் சொல்வது கிட்டத்தட்ட அதே சமையல் குறிப்பு. கனடாவில் 2005-ல் நேரக் கணக்கையே ஆய்வு செய்தார்கள். நடுத்தர ஆபத்து உள்ளவர்களுக்கு 100 மணி நேரமாவது, அதிக ஆபத்தோடு பிரச்சினைகளும் பலவாக இருந்தால் 300 மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று தெரிந்தது. உங்களுடையது 12 வாரம் முழுசாக நடந்தாலே 36 மணி நேரம். இதில் பாதியை வெட்டினால் மிஞ்சுவது சான்றிதழும் பிஸ்கட்டும்.

பள்ளிக்கூட யோசனையைத் தயவுசெய்து இன்றைக்கே கைவிடச் சொல்லுங்கள். 1970களில் நியூஜெர்சியில் ஒரு சிறையில் ஆயுள் கைதிகளை வைத்துப் பையன்களை மிரட்டுகிற திட்டம் தொடங்கி ஊரெல்லாம் பரவியது. 2002-ல் அந்த மாதிரித் திட்டங்களின் சோதனை முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், மிரட்டப்பட்ட பையன்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

---

கொலுசுக்காரன்

கனடா, ஓஹையோ எல்லாம் சரிங்க. செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன், என் பட்டறையில் உள்ளே இருந்து வந்த இரண்டு பேருக்கு வேலை கொடுத்தேன். எங்கள் தொழிலில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம், கொலுசாக எடை போட்டு வாங்குவோம், சேதாரம் இவ்வளவு என்று கணக்கு. முதல் ஆள் மூன்றாம் மாதம் 600 கிராம் வெள்ளியோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டான். அதுக்கு மேல் முன்பணம் வேறு. இரண்டாவது ஆள் நாலு வருடமாக இருக்கிறான், பற்றவைப்பு வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

இதில் யார் வகுப்புக்குப் போனான்? ஓடிப்போனவன்தான் சான்றிதழ் வைத்திருந்தான், பிளாஸ்டிக் கவர் போட்டு. வேலை கொடு, கூலி கொடு, கூட ஒரு சொந்தக்காரனைப் பக்கத்தில் உட்கார வை, மனுஷன் தானாகச் சரியாவான். இரண்டாவது ஆளின் மச்சான் என் பட்டறையில்தான் இருக்கிறான், அதனால்தான் நின்றான். வகுப்பில் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும்?

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது திருட்டு நடந்தால் போதும், ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கே வந்து "அவன் இருக்கானா" என்று கேட்பார்கள், வாடிக்கையாளர் முன்னால். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை அப்படி ஆனதும் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்னிடமே, எதுக்குய்யா இந்த வம்பு என்றார்கள்.

---

ஆய்வுப்பூச்சி

கொலுசு அண்ணே, நீங்கள் எதிர்த்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னதையே சொல்லியிருக்கிறீர்கள். வேலை அந்தப் பட்டியலில் ஒன்று, குடும்பம் ஒன்று, கூட்டாளி ஒன்று. மச்சான் பக்கத்தில் இருந்ததில் மூன்றும் அடங்கிவிட்டது. ஆனால் முதல் ஆளுக்கும் வேலை கொடுத்தீர்களே? வேலை இருந்தும் ஓடினான். அவன் ராத்திரி யாரோடு இருந்தான், கடன் யாரிடம், குடி எவ்வளவு, கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்பது உங்கள் வேலையும் இல்லை. அது நிலா மாதிரி ஆட்களின் வேலை. அவனும் சான்றிதழ் வாங்கியது எப்படிப்பட்ட வகுப்பில் என்று நமக்குத் தெரியாது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் கொடுக்கிற சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன.

நடத்துகிறவரின் தரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தப்பு வழியில் போன பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஆலோசனை கொடுக்கிற ஒரு திட்டத்தை 2004-ல் அளந்தார்கள். திறமையாக நடத்திய ஆலோசகர்களிடம் போன பிள்ளைகளிடம் பெரிய குற்றங்கள் 38 சதவீதம் குறைந்தன. அரைகுறையாக நடத்தியவர்களிடம் போனவர்கள் போகாதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மாட்டினார்கள். திட்டமும் அதே, கையேடும் அதே.

---

உள்ளே_இருந்தவன்

ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது. இரண்டு வழக்கு, ஒரு குண்டாஸ், எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்குக் கிட்டே உள்ளே. இப்போது வெளியே வந்து ஆறு வருடம். தறி ஓட்டுகிறேன்.

அக்கா, வகுப்பு என்றாலே எங்களுக்கு என்ன ஞாபகம் வரும் தெரியுமா? உள்ளே ஒரு சார் வந்து, கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணு என்றார். எனக்குப் பத்துக்கு மேலும் எண்ண வரும், நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் எதிராளி நிற்கணுமே? பின்னால் இருந்து யாரோ இதைச் சத்தமாகக் கேட்டான், அந்த சார் அதற்கப்புறம் வரவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் நாங்கள் கவனித்திருப்போம். நிஜமாகவே அது எங்களுக்குத் தெரிய வேண்டிய கேள்வி.

உங்கள் 15 பேர் ஏன் வரவில்லை என்று நான் சொல்கிறேன். வகுப்பு பகலிலா? கண்டிஷன் பெயிலில் இன்னொரு வழக்கு இருக்கிறவன் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடணும், அங்கே எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்பது அன்றைக்கு அவன் நேரம். தறியில் ஷிப்ட்டு 12 மணி நேரம். பட்டறையில் எடைக்குக் கூலி, ஒன்றரை மணி நேரம் எழுந்து வந்தால் காசு போச்சு. வருகிறவன் யார்? வேலை இல்லாத பெரியவரும், சொந்த நிலத்தில் வேலை செய்கிறவரும். இதில் தங்கமானவன் தகரமானவன் என்று ஒன்றும் இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டீர்களானால் அதுவும் உங்கள் தப்பு.

நான் எப்படி நின்றேன் என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. முதல் வழக்கில் என்னை நன்னடத்தையில் விட்டிருந்தார்கள், அப்போதிருந்த நன்னடத்தை அலுவலர் மாதம் ஒரு தடவை, ஒழுங்கா இருக்கியா, இருக்கேன் சார், கையெழுத்துப் போடு, போ, அவ்வளவுதான். அடுத்த வழக்கில் உள்ளே போய்விட்டேன். வெளியே வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒருவர், முன்னாடி அந்த மாதிரி வேலையில் இருந்தவர், அவர் கேட்கிற கேள்வியே வேற. "போன சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எங்கே இருந்தே? கூட யார்? அவன் வண்டியை எங்கே நிறுத்தினான்? நீ என்ன சொன்னே? அவன் என்ன சொன்னான்? சரி, வர்ற சனிக்கிழமை அவன் வந்தா என்ன சொல்லுவே, இப்போ என்கிட்ட சொல்லு பார்க்கலாம்." எனக்கு வாய் வராது. நாலு தடவை சொல்ல வைப்பார். ஐந்தாவது சனிக்கிழமை அவன் நிஜமாகவே பைக்கில் வந்து நின்றபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது, "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்டா." பொய்தான். ஆனால் அன்றைக்கு போன அந்த வண்டியில் இருந்த மூன்று பேரும் மாட்டினார்கள்.

---

ஆய்வுப்பூச்சி

தம்பி, புல்லரித்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்தக் கேள்வி முறையைத்தான் கனடாவில் கண்காணிப்பு அலுவலர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். நிபந்தனையைச் சரிபார்ப்பதிலேயே நேரத்தைக் கழிக்காதே, அவன் எப்படி யோசித்தான், கூட யார் இருந்தார்கள் என்று பேசு, மாற்று வழியை ஒத்திகை பார் என்று. பயிற்சி பெற்ற அலுவலர்களிடம் இருந்தவர்களில் இரண்டு வருடத்தில் மறுபடி தண்டனை பெற்றவர்கள் 25 சதவீதம், பழைய முறையில் நடந்தவர்களிடம் 40 சதவீதம். புதுச் சட்டம் எதுவும் போடவில்லை, பேசுகிற விஷயத்தை மாற்றினார்கள்.

---

மலைக்காற்று

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். படிவம் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன், எனக்கு அதில்தான் பயம்.

அந்தக் கனடாக்காரர்கள் ஆண்ட்ரூஸ், போன்டா உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் 54 கேள்வி. காசு கட்டி வாங்க வேண்டும், பயிற்சி எடுத்தவர்தான் போட வேண்டும். அதில் முன்பு எத்தனை முறை தண்டனை, சின்ன வயதிலேயே கைதானானா என்றெல்லாம் மதிப்பெண் வருகிறது. இங்கே ஒரு சேலம்காரராக யோசித்துப் பாருங்கள். 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், நம் மாவட்டத்துக் குறவர் மக்கள் அதில் பட்ட பாடு தாத்தா பாட்டிகளைக் கேட்டால் தெரியும். 1952-ல் நாடு முழுக்க அதை எடுத்தார்கள், ஆனால் பழக்கக் குற்றவாளி என்று வேறு பெயரில் சட்டங்கள் வந்தன, அந்தந்தக் குடியிருப்பில்தான் முதலில் போய்க் கதவைத் தட்டுகிற பழக்கம் சட்டத்தோடு போய்விடவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைக்குள் சாதி பார்க்கும் விதிகளை ரத்து செய்தபோது இந்தப் பழக்கக் குற்றவாளி விவகாரத்தையும் தொட வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ஒருவன் நாலு தடவை மாட்டினான் என்றால் அவன் நாலு குற்றம் செய்தான் என்று அர்த்தமா, நாலு தடவை அவன் வீட்டுக்குப் போனார்கள் என்று அர்த்தமா? படிவம் இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகத்தான் போடும்.

எங்கள் மலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தப் பக்கத்து மலைகளிலிருந்தெல்லாம் கூலிக்குச் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிப் போனார்கள், 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுப் போட்டபோதுதான் ஊருக்கே தெரிந்தது. போய் மாட்டி அங்கே சிறையில் கிடந்து திரும்பியவனுக்கு எந்தச் சிந்தனைக் கோளாறைச் சரிசெய்யப் போகிறீர்கள்? காப்பிப் பழம் எடுப்பு முடிந்த பிறகு அவன் கையில் காசு இல்லை, புரோக்கர் முன்பணம் கொடுத்தான், போனான். அவனுக்கு வேண்டியது பங்குனி சித்திரையில் ஒரு வேலை. அவனைக் கொண்டைஊசி வளைவு இருபதும் இறக்கி வாரம் இரண்டு நாள் சேலத்துக்கு வரச் சொன்னால், பஸ்ஸுக்கும் சோத்துக்கும் போக மிச்சம் வகுப்பில் கொடுக்கிற டீதான்.

படிவமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இல்லையென்றால் வார்டர் ஐயா சொன்ன மாதிரி அவரவர் மனசுக்குப் பிடித்தவனைத்தான் சேர்ப்பார்கள், அது படிவத்தைவிட மோசம். மதிப்பெண் எல்லையை மட்டும் கனடாவிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள், கைது, தண்டனை எண்ணிக்கையைத் தனியாக வையுங்கள், இப்போது மாறக்கூடியது எதுவோ அதை, கூட்டாளி, குடி, வேலை, ராத்திரி எங்கே தூங்குகிறான், அதைக் கேளுங்கள்.

---

சேலத்து_நிலா

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி முழுக்க இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் வலித்தது, குறிப்பாக அந்தப் பெரியவர் விஷயம், அவர் வருவது எனக்குத்தான் ஆறுதலாக இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

இன்றைக்கு இயக்குநரிடம் பேசினேன். பள்ளிக்கூட யோசனையை விட்டுவிட்டார், நியூஜெர்சி கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. 40 பேர் கணக்கில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறார். நான் கேட்டது, 40ஐ 12 ஆக்குங்கள், ஆனால் அந்த 12 பேரும் நிஜமாகவே ஆபத்தில் இருப்பவர்கள், ஆறு மாதம் வைத்துக்கொள்கிறோம், மறுபடி வழக்கு வந்ததா என்று இரண்டு வருடம் பின்தொடர்கிறோம் என்று நிதி கொடுப்பவர்களுக்கு எழுதலாம் என்று. எழுதிப் பார் என்றார். நிராகரித்தால் என் தலையில்தான் விடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த 7 பேருக்கும் மாதம் ஒரு போன் மட்டும் போதும் என்று முடிவு. பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா, பையன்களுக்கு மனு எழுதிக் கொடுக்க, ஆதார் முகவரி மாற்ற? பையன்களோடு உட்காராமல் தனி மேசையில்?

உள்ளே_இருந்தவன் தம்பி, நேரம் எது வைக்கலாம்? ஞாயிறு காலை சரியா?

---

பழைய_வார்டர்

பெரியவருக்கு அந்த வேலை கொடுங்கள் அம்மணி, நல்ல யோசனை. ரொக்கப் பணம் மட்டும் அவர் கையில் வேண்டாம், அவருக்கே சங்கடமாக இருக்கும்.

நிராகரித்தால் என்ன செய்வது என்று இப்போதே பயப்படாதீர்கள். விடுதலையானவர்களுக்கு உதவ அரசுப் பக்கத்திலும் சங்கம் இருக்கிறது, நன்னடத்தை அலுவலர்களும் தமிழ்நாட்டில் சிறைத் துறையின் கீழேதான் வருகிறார்கள், அவர்களைப் போய்ப் பாருங்கள். அந்தக் கேள்வி முறையை அவர்களோடு சேர்ந்து பழகினால் உங்கள் அறக்கட்டளைக் காசு போனாலும் வேலை நிற்கும்.

---

கொலுசுக்காரன்

ஒரு ஆளுக்கு என் பட்டறையில் இடம் இருக்கிறது. முதல் ஆறு மாதம் மெருகு போடுகிற வேலை மட்டும், வெள்ளியை எடை போட்டுக் கையில் கொடுக்கமாட்டேன். முன்பணமும் கிடையாது. வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு விடுகிறேன், அந்த நேரக் கூலியில் பாதி உங்கள் அறக்கட்டளை கொடுக்கட்டும். ஸ்டேஷன்காரர்கள் பட்டறைக்கு வருவதை மட்டும் நீங்கள் பேசி நிறுத்த வேண்டும், அவனைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் எனக்குப் போன் போடட்டும்.

---

உள்ளே_இருந்தவன்

ஞாயிறு காலை வேண்டாம் அக்கா, முக்கால்வாசிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள், எழுந்தவனும் கறிக்கடை வரிசையில் நிற்பான்.

சனிக்கிழமை சாயந்தரம் வையுங்கள். கூலி வாங்கிக்கொண்டு ஆறரைக்கு வெளியே வருவான், கையில் காசு, ஏழு மணிக்குப் பைக் வரும், எட்டு மணிக்கு டாஸ்மாக் கடை. எங்களுக்குத் தப்பு நடக்கிறது எல்லாம் அந்த நேரத்தில்தான். ஆறே முக்காலுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு விடுங்கள், சாப்பாடு போடுங்கள், பிஸ்கட் வேண்டாம். வகுப்பு நடத்துகிற இடம் எந்தக் கடைக்கும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நான் வருகிறேன், அந்தப் பத்து வரைக்கும் எண்ணுகிற கேள்வியை நானே கேட்கிறேன், நீங்கள் பதிலோடு வாங்க.